பெரியவர் யார் என்று கேட்ட லேப்டாப்

எங்கேயோ ஒரு நாட்டில் சட்டம் போட்டார்கள்: கணினியைத் திறப்பவரின் வயதைக் கணினியே கேட்க வேண்டுமாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய லேப்டாப்களுக்கு லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிற என் தலையில் வந்து அது விடிந்தது. புதிய பதிப்பில் முதல் கேள்வியே வயதுதான். சிறுவர் என்றால் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். வருகிறவர்களிடம் இதை விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

வெள்ளிமலையிலிருந்து ஒரு தம்பதி, ஆறாவது படிக்கும் மகளோடு வந்தார்கள். மகள் பெயரில் கணக்குத் தொடங்கினேன். பெரியவர் யார் என்று கேட்டேன். கணவர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாததால் அந்த அம்மா முகவாயால் அவரைக் காட்டினார். பெரியவர் கணக்கின் கடவுச்சொல்லைக் கணவரே தட்டினார்.

மிளகு பறிக்க அவர் கேரளாவுக்குப் போனபின், அந்த அம்மா மட்டும் லேப்டாப்போடு மலை பஸ்ஸில் இறங்கி வந்தார். மகள் பள்ளிக்கூடம் போனதும் அவள் கணக்கில் அரசுத் தேர்வுப் பாடங்களைப் பார்த்துவந்திருக்கிறார். அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டதிலிருந்து எதைத் திறந்தாலும் பெரியவர் அனுமதி வேண்டும் என்கிறதாம். தேர்வு மாசக் கடைசியில்.

"அவளப் பெத்தவ நானு. நான் யாராண்டங்க அனுமதி கேக்கறது?"

கணவரிடம் கடவுச்சொல் கேட்டாராம். படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று போனை வைத்துவிட்டாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டம் போட்டவன் மேலா, அந்த மனுஷன் மேலா, தெரியவில்லை.

இந்த மென்பொருளில் ஒளிவுமறைவு கிடையாது. கடவுச்சொல் இல்லாமலும் உள்ளே போக வழி உண்டு. கணவர் கணக்கை நான் தொடவில்லை. பக்கத்திலேயே இன்னொரு பெரியவர் கணக்கைத் தொடங்கி, லேப்டாப்பை அந்த அம்மா பக்கம் திருப்பினேன். அது பெயர் கேட்டது.

"என் பேர்லயாங்க?" என்றார்.

பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். பிறந்த தேதிக்குக் கொஞ்சம் யோசித்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதியைத்தான் கொடுத்தார்.

மகள் சொல்லித் தெரிந்துகொண்ட கணவர் சில நாள் கழித்துப் போன் செய்தார். வூட்டுல பெரியவன் நான் இருக்க, யாரக் கேட்டு மாத்துன என்று சத்தம் போட்டார். வாதாட எனக்குத் தெம்பில்லை.

"வயசு கேட்டுச்சு, அவங்க சொன்னாங்க," என்றேன். "பெரியவங்கன்னு ஏத்துக்கிச்சு. உங்களக் கேக்கணும்னு அதுக்குத் தோணலைங்க."