மருந்துக்குத் தடையில்லை

ஈர மணலுக்குள் கைவிட்டு அந்தச் சின்ன மருந்துக் குப்பியைத் துழாவும்போது விரல்நுனியில் ஏறிய குளிர்ச்சி இன்னும் மறக்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. போரின்போது அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். மின்சாரம் இல்லாததால் தங்கை வாணியின் இன்சுலினை அம்மா மண்பானையில் ஈர மணலுக்குள் புதைத்து வைத்திருந்தார். மணல் காயாமல் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

சவர்க்காரம், "பற்றரி", மண்ணெண்ணெய், சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டு கிடந்தது. ஆனால் வாங்க வசதியுள்ளவர்களுக்கு எல்லாமே எப்படியோ கிடைத்தன, சீமெந்துக்குத் தடை இருந்தபோதே எங்கள் குறுகலான ஒழுங்கையில் ஒரு வியாபாரி மாடிவீடு கட்டினார். பட்டியலில் இல்லாத இன்சுலின்தான் வரவில்லை.

பள்ளிக்கூட ஆசிரியரான அப்பா ஒவ்வொரு காலையும் அனுமதி வழங்கும் அரச "கந்தோருக்கு" சைக்கிளில் போய்வருவார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். அங்கிருந்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மருந்துக்குத் தடையில்லை மாஸ்டர். மேலயிருந்து அனுமதிதான் வரேல்லை. அடுத்த கப்பலோட வரும்."

"ரெண்டு கப்பல் வந்து போட்டுது. பிள்ளைக்கு இன்னும் அரைக் குப்பிதான் கிடக்கு," என்றார் அப்பா.

"நான் என்ன செய்ய ஏலும், சொல்லுங்கோ?"

அம்மா ஊசி மருந்தின் அளவைப் பாதியாக்கினார். வாணியின் சோற்றையும் பாதியாக்கினார். ஓயாமல் தண்ணீர் கேட்டுக்கேட்டு அவள் மெலிந்துகொண்டே போனாள்.

"அக்கா, கப்பல் வந்திட்டுதோ?"

"நாளைக்கு வரும்," என்று நான் பொய் சொன்னேன்.

குப்பி தீர்ந்து ஐந்தாம் நாள் மத்தியானம், "ஆசுப்பத்திரி" வாங்குப் பலகையில் அம்மாவின் மடியிலேயே அவள் போய்விட்டாள். அடுத்த கிழமை கப்பல் வந்தது. அதில் சீனி வந்திருந்தது.

இன்று, நான் புலம்பெயர்ந்து வாழும் டார்ம்ஸ்டாட் நகரில், மருந்து ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலை. போன மாதம், தடைக்குள் கிடக்கும் ஒரு நாட்டிலிருந்து ஒரு தகப்பன் மகளின் மருந்துக்காகத் தொலைபேசியில் பேசினார். அந்த மருந்துக்கும் தடையில்லை. ஆனால் அந்த நாட்டுப் பணத்தைத் தொட எந்த வங்கியும் தயாரில்லை. மேலாளரோடு சண்டை பிடித்தேன், மூன்று வங்கிகளுக்கு எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதை அவரிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை. நன்றி மட்டும் சொன்னார்.

அந்த ஒழுங்கை இன்றில்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. அந்த அலுவலர்மீது இத்தனை வருடமாக நான் வளர்த்து வைத்திருந்த கோபமும், முடியாதென்று நானே சொன்ன அன்றோடு போய்விட்டது. இரண்டு கிழமையாக அந்தத் தகப்பனிடமிருந்து அழைப்பில்லை. அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. எடுத்துக் கேட்க எனக்குத் துணிவில்லை.