அண்ணனுக்கு வைத்திருந்த ஊசி

சாட்சி சொல்லக் கூப்பிடும் வக்கீல்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். கட்சிக்காரரைக் காப்பாற்றுவது உங்கள் வேலை, என் வேலை இல்லை. பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேரோடுதான் எனக்குப் பிழைப்பு. செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆஸ்பத்திரி வழக்குகளில் நிபுணர் சாட்சி சொல்வதே என் தொழிலாகிவிட்டது. விதியை எழுதி வைக்காத ஆஸ்பத்திரி கிடையாது. அந்த விதி வார்டுக்குள் என்ன கோலத்தில் நடமாடுகிறது என்று கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. இதில் தன்னடக்கம் காட்ட எனக்கு வராது.

கள்ளக்குறிச்சி வக்கீல் ஒருவர் போனை வைக்கவில்லை. அவருடைய கட்சிக்காரி மணலூர்பேட்டைப் பக்கத்துப் பெண், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குப் புதிது. கல்வராயன் மலையிலிருந்து காலில் சர்க்கரைப் புண்ணோடு வந்து சேர்ந்திருந்தவருக்குப் போட வேண்டிய இன்சுலினை, துணைக்கு வந்து அவர் கட்டிலில் படுத்திருந்த அவருடைய தம்பிக்குப் போட்டுவிட்டாள். தம்பிக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அன்றைக்கு வெறும் வயிறு வேறு. குழாயடிக்குப் போனவர் மயங்கி விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டார். உயிர் பிழைத்ததே பெரிய பாடு. கூலி வேலைக்காரர். கை குணமானதும் ஆஸ்பத்திரி மீதும் நர்ஸ் மீதும் வழக்குப் போட்டார்.

ஆஸ்பத்திரி கையைக் கழுவிவிட்டது. பெயர் கேட்டுத்தான் ஊசி போட வேண்டும் என்பது எங்கள் விதி, இந்தப் பெண் கேட்கவே இல்லை என்றது. தம்பியும் கூண்டில் ஏறி, தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். அவளோ, அண்ணன் பெயரைச் சொல்லி 'நீங்கதானே' என்று கேட்டேன், ஆமாம் என்றார் என்கிறாள். யார் நம்புவார்கள்? தனக்கில்லாத ஊசியை எவனாவது ஆமாம் சொல்லி வாங்கிக்கொள்வானா? கேட்காமலே போட்டாள் என்று தீர்ப்பாகிவிட்டால் வேலை மட்டுமல்ல, நர்ஸ் என்ற பதிவே பறிபோகலாம். கரும்பு வெட்டிப் படிக்கவைத்த வீடு அவளுடையது.

"அவ கேட்டான்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார் வக்கீல்.

"நான் அங்க இல்லீங்களே. இல்லாத எடத்துல நடந்ததச் சொன்னா நான் நிபுணர் இல்ல, ஜோசியக்காரி."

அவர் முகம் சுருங்கியது. நான் கண்டுகொள்ளவில்லை. அந்த வார்டைப் பார்க்க நீதிமன்றத்தில் அனுமதி வாங்கித் தாருங்கள், சம்பவம் நடந்த அதே சாயங்கால நேரத்துக்கு வாங்கித் தாருங்கள் என்றேன். நிபுணர்கள் பலர் காலையில் போய், டாக்டர் அறையில் காபி குடித்துவிட்டு, வார்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார்கள். காலையில் எல்லா ஆஸ்பத்திரியும் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்றுதான் இருக்கும்.

அனுமதி கிடைத்து, நான் போய் வார்டு மூலையில் நின்ற கொஞ்ச நேரத்தில் வெளியே செக்யூரிட்டியின் விசில் கேட்டது. தரையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த ஒருவர், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, காலியாயிருந்த கட்டிலில் ஏறிப் படுத்துப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். எதிர் வரிசையில் இன்னொருவரும் அப்படியே. செக்யூரிட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இருவரும் இறங்கினார்கள். இவர் விட்ட இடத்திலிருந்து இட்லியைத் தொடர்ந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

விசாரித்தால், செல்போன் திருட்டைத் தடுக்க நிர்வாகம் போட்ட விதியால் வந்தது அது. கட்டிலில் நோயாளி இல்லையென்றால் துணைக்கு இருப்பவரை வெளியே அனுப்பிவிட வேண்டும். அனுப்பியவரை மறுபடி விடியும்வரை உள்ளே விடக் கூடாது. நோயாளி எக்ஸ்ரே எடுக்கவோ புண்ணுக்குக் கட்டு மாற்றவோ போனால்? துணைக்கு வந்தவர் ஏறிப் படுத்துக்கொள்வார். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வார்டில் எல்லாருக்கும் தெரியும். நிர்வாகத்துக்கு மட்டும் தெரியாது. கையில் பெயர்ப் பட்டை கட்டும் வழக்கமும் அங்கே தனி அறைக்காரர்களுக்கு மட்டும்தான்.

அறிக்கையில் நான் முதலில் எழுதியது நர்ஸின் தவற்றை. 'நீங்கதானே' என்று கேட்கக் கூடாது, பெயரை நோயாளி வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். அவள் சொல்வதை அப்படியே நம்பினாலும் அது தவறு. வக்கீல் படித்துவிட்டு, நம்ம சாட்சியே நம்ம தலையில் கல்லைப் போடலாமா என்று குதித்தார். எதிர்த்தரப்பு அந்தக் கல்லைத் தேடி எடுப்பதற்குள் நாமே எடுத்துக் கீழே வைத்துவிட வேண்டும், அப்புறம்தான் நாம் சொல்லும் மற்றது எடுபடும் என்றேன். இது எல்லா வக்கீலுக்கும் நான் சொல்வது. பாதிப் பேர் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரி வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தபோது ஏளனமாகத்தான் தொடங்கினார். புத்தி உள்ள மனிதன் தனக்கில்லாத ஊசிக்கு ஆமாம் என்று சொல்வானா என்று கேட்டார். அந்த வார்டில், அந்த நேரத்தில் சொல்வான் என்றேன். கண்ணால் பார்த்ததை எல்லாம் சொன்னேன். இந்தப் பெண் கேட்டாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, கேட்டிருந்தால் ஆமாம் என்ற பதில் வந்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை என்று முடித்தேன். வாதியாகப் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அதையும் பார்த்தேன்.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீலிடம், தம்பியை மறுபடி கூண்டில் ஏற்ற அனுமதி கேளுங்கள் என்றேன். பொய் சொன்னீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள், மானஸ்தர், இல்லை என்றுதான் சொல்வார். நர்ஸிடம் 'நான் அவரில்லை' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். இந்த முறை அவர் குதிக்கவில்லை.

அடுத்த வாய்தாவில் அப்படியே கேட்டார். தம்பி நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

"வெளிய அனுப்பிருப்பாங்க ஐயா. அண்ணனக் கட்டு மாத்தக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. அண்ணனால தனியா எந்திரிச்சு நடக்க முடியாது. ராத்திரில யாரு இருக்காங்க அதுக்கு? அந்தப் பொண்ணு கேட்டுது. நான்தான் ஆமான்னுட்டேன். ஊசிதானே, போட்டுக்கினா போவுதுன்னு கைய நீட்டிட்டேன்."

தன் வழக்கையே தான் உடைக்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னார். அவருடைய வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வழக்கு உடையவில்லை. உள்ளே இருக்க வேண்டுமானால் ஆள்மாறாட்டம் செய்தாக வேண்டும் என்று விதி போட்டது ஆஸ்பத்திரிதான், இழப்பீடும் அதுவே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தப் பெண் கேட்டாள், கேட்ட முறைதான் தவறு என்றும் எழுதினார்கள். பதிவு தப்பியது.

அன்றைக்கு நீதிமன்ற வாசலில் வக்கீல் எல்லாருக்கும் டீ சொன்னார். அவள் குடிக்காமல் டம்ளரை வைத்துக்கொண்டே நின்றாள். ஜெயிச்சாச்சு, குடி என்றேன்.

"அவரு கைய நீட்டினாரு மேடம். கையத்தான் பாத்தேன். மூஞ்சியப் பாக்கவே இல்ல."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனி அவளிடம் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த வருத்தம்தான் காவல்.