குற்றாலிங்கம் பறந்த பதினைந்து நிமிடம்

ஆனி மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குற்றாலத்து எண். பழப்பெட்டியை லாரியில் போட்டாயிற்று, போய் எடுத்துக்கொள் என்று சொல்லத்தான் லிங்கம் கூப்பிடுகிறான் என்று நினைத்து, வாயில் நுரையோடு எடுத்தேன். வருடா வருடம் சீசன் தொடங்கியதும் எனக்குச் சென்னைக்கு ஒரு பெட்டி மங்குஸ்தான் வரும். பேசியது அவன் மகள் செண்பகம்.

"அப்பா விடியக்காலம் தவறிட்டாங்க மாமா. மொத போன் உங்களுக்குத்தான் போடுதேன்."

நெஞ்சுவலி என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை என்றாள். நான் வாயைக் கொப்பளிக்கக்கூட மறந்து அப்படியே நின்றேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வேறொரு எண்ணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். 'அவனிடம் அதை இனிமேல் சொல்ல முடியாதே' என்பதுதான் அது. நாற்பது வருடங்களுக்கும் மேலாக லிங்கத்திடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு சீசனுக்கும் போகும்போது சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். சொல்லாமல் பழத்தைத் தின்றுவிட்டுத் திரும்புவேன்.

மெயின் அருவிக்குப் போகும் வழியில் அவன் பழக்கடையில் நின்று பேசியிருக்கிற பலருக்கும் குற்றாலிங்கத்தைத் தெரியும். எந்த விமானச் சத்தம் கேட்டாலும் தராசைப் போட்டுவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பான். மேகம் மூடியிருக்கும், ஒன்றும் தெரியாது. ஆனாலும் இத்தனை ஆயிரம் அடியில் போகிறது, இன்ன ஊருக்குப் போகிறது என்று வாடிக்கையாளரிடம் அடித்துவிடுவான். யாரும் அவனை மறுத்துப் பேசியதில்லை. அந்தக் கடைக்காரனைத்தான் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவன் அதற்கு முந்தியவன்.

எழுபதுகளின் கடைசியில், தென்காசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு இருந்தது. விமானம்தான் இல்லை. இயற்பியல் வாத்தியார் எங்களுக்கு அதிகாரி. அவர் பால்சா என்கிற லேசான கட்டையில் செய்த ஒரு சின்ன கிளைடரை வைத்துக்கொண்டு, இறக்கைக்கு மேலே காற்று எப்படி ஓடுகிறது, கீழே எப்படி ஓடுகிறது என்று வாரம் ஒருமுறை விளக்குவார். மற்றபடி லெஃப்ட் ரைட், இந்தியில் கட்டளைகள், முடிந்ததும் இரண்டு பரோட்டாவும் சால்னாவும். பரோட்டாவுக்காகச் சேர்ந்தவர்கள் பாதிப் பேர். பறக்கலாம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர், லிங்கமும் நானும்.

சீசன் காலத்தில் யூனிஃபார்ம் காயாது. அந்தக் கஷ்டம் எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும். துவைத்து, வடிகஞ்சி போட்டுக் கொடியில் போட்டால் மூன்று நாள் ஆனாலும் சாரலில் அப்படியே தொங்கும். ஈரத்தோடு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வருவோம். ஒருமுறை வெளியூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். வரிசையில் நடந்துகொண்டே மூக்கைச் சுளித்தார். முப்பது பேர் மேலும் புளித்த கஞ்சி வாடை. லிங்கத்தின் முன்னால் நின்று, இது என்ன நாற்றம் என்று இங்கிலீஷில் கேட்டார். லிங்கம் விறைப்பாக நின்று, "சீசன் சார்" என்றான். அதிகாரி சிரித்துவிட்டார். அன்று சாரல் வலுத்து நாங்கள் எல்லோரும் ஓரமாக ஒதுங்கப் பார்த்தபோது, அவன் மட்டும் மைதானத்து நடுவிலேயே நின்றான். "நனைஞ்சபொறவு முக்காடு என்னத்துக்குலே?" என்றான். பின்னாளில் வியாபாரத்தில் அடி விழுந்தபோதும், மனைவியைப் பறிகொடுத்தபோதும் அதையேதான் சொன்னான்.

அவன் அப்பாவுக்குத்தான் முதலில் அந்தப் பழக்கடை. மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன். லிங்கம் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போய்விடுவான். ஒரு துரியனைக் காம்பைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்து எடை சொல்லுவான். அப்புறம் தராசில் வைத்தால் ஐம்பது கிராம்கூடத் தவறாது. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் பத்தாவது படித்தபோது மாணவர் படையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மதுரைப் பக்கம் முகாம். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு பையனைச் சின்ன விமானத்தில் பதினைந்து நிமிடம் மேலே கூட்டிக்கொண்டு போவார்கள். இயற்பியல் சார் யோசிக்கவே இல்லை, அணிவகுப்பிலும் பரீட்சையிலும் லிங்கம்தான் முதல், அவன்தான் போகவேண்டும் என்றார். ஆனால் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. குறைந்தது நாற்பது கிலோ எடை வேண்டும். லிங்கம் ஒட்டடைக்குச்சி. மூன்று வாரத்தில் பெயர் அனுப்பவேண்டும், அதற்குள் அவனுக்கு எடை தேறாவிட்டால் சுப்பிரமணியன் பெயரை அனுப்புகிறேன் என்றார் சார். சுப்பிரமணியன் நான்தான். எனக்கு எடைக்குக் குறைவில்லை.

எங்கே போய் எடை பார்ப்பது? பழக்கடைத் தராசில் ஆளை எப்படி நிறுப்பது என்று நினைத்தோம். என் சித்தப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை இருந்தது. மூட்டை நிறுக்கிற பெரிய பிளாட்பாரத் தராசு அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். லிங்கம் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறி நின்றான். முப்பத்தெட்டரை. அவன் முகம் விழுந்துவிட்டது. சித்தி இரண்டு பேருக்கும் கறிச்சோறு போட்டாள். லிங்கம் நாளைக்கே எடை ஏறிவிடவேண்டும் என்பதுபோல மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பிட்டுவிட்டு அவன் கை கழுவப் போனபோது, கடைவாசலில் ஒரு விவசாயி சித்தப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் நிறுத்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன், இங்கே மூட்டைக்கு ரெண்டு கிலோ குறையுதே என்றார். சித்தப்பா சத்தம் போட்டு அவரை அனுப்பிவிட்டுத் திரும்பியவர், என்னைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார். நான் குழந்தை இல்லை. எனக்குப் புரிந்தது. முப்பத்தெட்டரையோடு இரண்டைக் கூட்ட எனக்குத் தெரியும்.

லிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நான் சொல்லவில்லை.

பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். கடையநல்லூர் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கடையநல்லூரும் தாண்டியது. எனக்கும் பறக்கவேண்டும் என்று ஆசை இருந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள நியாயம் ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறும் போனோம். முப்பத்தொன்பது. அவன் நேந்திரம்பழமும் வேர்க்கடலையுமாகத் தின்றுகொண்டிருந்தான். மூன்றாவது வாரம்தான் என் மனச்சாட்சி விழித்தது. அப்போதும் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. அதற்குப் பதில் நானே பழம் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். மூன்றாவது ஞாயிறு முள் சரியாக நாற்பதில் நின்றது. லிங்கத்தின் பெயர் போயிற்று. மாற்று ஆளாக என்னையும் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பறக்கிற அன்று காலை மறுபடியும் எடை பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். எனக்குக் கிலி பிடித்துவிட்டது. சித்தப்பாவின் தராசு குறைத்துத்தான் காட்டும் என்று தெரிந்தும், ஒருவேளை இங்கே தவறிப்போனால் அந்தப் பாவம் என் தலையில்தானே என்று தோன்றியது. செய்த தப்புக்குப் பரிகாரம் செய்கிறவன்போல ஒரு சீப்புப் பழத்தை வாங்கிவந்து, உரித்து உரித்து அவனிடம் நீட்டினேன். அவன் ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். அப்புறம் பத்துப் பழத்தையும் தின்றான். மேலே இரண்டு செம்பு தண்ணீர். எடை நாற்பத்திரண்டைத் தாண்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு விமானத்தில் ஏறினான்.

இறங்கி வந்தவன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் எங்கள் முன்னால் வந்து நின்று அவன் சொன்ன வர்ணனையை இன்றைக்கும் வரி தப்பாமல் என்னால் சொல்ல முடியும்.

"மேக்க திரும்பிப் பாத்தேம்லே. மலை ஒரு நீலக் கோடு. அதுல ஒரு வெள்ளை நூல் தொங்குது. அம்புட்டுத்தான் நம்ம மெயின் அருவி."

மதுரையிலிருந்து குற்றாலம் தெரியாது என்பது சாருக்குத் தெரியும். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பதினைந்து நிமிடத்தில் அவன் இலஞ்சித் தென்னந்தோப்பு, சித்தாறு, எங்கள் பள்ளிக்கூட மைதானம் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். நான் இன்னொன்றும் செய்தேன். பிற்பாடு என் பிள்ளைகளுக்கு அதை நான் பார்த்ததாகவே சொன்னேன். நீலக் கோடு, வெள்ளை நூல், எல்லாம்.

எண்பதுகளின் நடுவில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வழியனுப்ப லிங்கம் தென்காசி ஸ்டேஷனுக்கு வந்தான். பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும் என்றான். "அன்னைக்கு மேல ஏறுனதுல இருந்து எறங்குத வரைக்கும் நான் கண்ணைத் தெறக்கவே இல்லலே. வயித்தைப் பெரட்டிட்டு. பைக்குள்ள வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணையும் பாக்கல." சொல்லிவிட்டுச் சிரித்தான். அப்புறம் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றான். நானும் சிரித்தேன். அவன் மனதைத் திறந்து காட்டியபிறகு, நானும் சொல்ல அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. ரயில் வந்துவிட்டது என்று நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். ரயில் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

செண்பகம் போன் செய்த மறுநாள் காலை நான் குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாரல் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. செண்பகம் எனக்கு நாற்காலி போட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் அப்பாவிடம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டேன் அம்மா, உன்னிடமாவது சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். புளியங்குடி என்ற பெயர் என் வாயிலிருந்து வந்ததும் அவள் அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள்.

"தராசு கதையா மாமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

முதல் ஞாயிறு வீட்டுக்குத் திரும்பியதுமே லிங்கம் அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். கடையில் துரியன் கூடை நிறுக்கிற தொங்குதராசு இருந்திருக்கிறது. கூடையில் அவனை உட்காரவைத்து, எதிர்த்தட்டில் படிக்கற்களை அடுக்கிப் பார்த்திருக்கிறார் அப்பா. நாற்பதரை. தூக்கிப் பார்த்தே எடை சொல்லுகிறவன் வீட்டில் இது ஒரு வேலையா? எலுமிச்சைக் கடைத் தராசின் யோக்கியதை அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து, எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. அப்படியானால் ஏன் மறுபடியும் இரண்டு வாரம் என்னோடு வந்தான் என்று கேட்டேன். உங்கள் சித்தி வீட்டுக் கறிச்சோற்றுக்காக என்று அப்பா சொல்லுவார்கள் என்றாள்.

"அப்புறம் ஏன்மா அன்னைக்கு முகாம்ல அத்தனை பழத்தைத் தின்னான்? அதனாலதானே ஒண்ணையும் பாக்காமப் போயிட்டான்?"

"நானும் கேட்டிருக்கேன் மாமா. 'பழம் வேண்டாம்னா, ஏன் வேண்டாம்னு சொல்லணும்லா, அவன் மொகம் செத்துப்போயிரும்ட்டி'ன்னாங்க. 'உங்க மாமா என்னைக்காவது ஒருநா அவனா வந்து சொல்லுவான்ட்டி, அன்னைக்கு நான் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்கிடணும்'னு சொல்லுவாங்க. ஒவ்வொரு சீசனுக்கும் நீங்க வந்துட்டுப் போனபொறவு, 'இந்தத் தடவையும் சொல்லலட்டி'ன்னு சிரிப்பாங்க."

கிளம்பும்போது அவள் எனக்கு ஒரு பெட்டி மங்குஸ்தான் கொடுத்தாள். அப்பா திங்கட்கிழமையே கட்டிவைத்தது, லாரியில் போடத்தான் நேரமில்லை என்றாள். சென்னையில் அதைத் தின்ன எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் தின்றேன்.

இப்போது என்னிடம் இருப்பது அவன் பார்க்காத ஒரு காட்சிதான். ஒரு நீலக் கோடு, அதில் தொங்குகிற வெள்ளை நூல். அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆனால் வேலை நிமித்தம் எத்தனையோ விமானங்களில் போயிருக்கிறேன், ஜன்னலோரம் உட்கார்ந்து மேற்கே பார்க்காமல் ஒருமுறையும் இருந்ததில்லை. இனியும் பார்ப்பேன். என் பிள்ளைகளிடம், அதை முதலில் சொன்னது நானில்லை, லிங்கம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. லிங்கம், புளியங்குடியில் எங்கள் சித்தப்பா கடைத் தராசு ரெண்டு கிலோ குறைத்துக் காட்டும்லே. முதல் வாரமே எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

நீ ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துகொள்.