ஒன்பதாவது ரூம் வெடித்த கதை

ஆமத்தூர் ஞானஜோதிக்குச் சாத்தூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் வேலை. அது போதாதென்று டாக்டர் பட்ட ஆசை வேறு. உலகத்து விதிகளையெல்லாம் தர்க்கமாக எழுதிக் கொடுத்துவிட்டால் இயந்திரம் மனுஷரைப் போலவே யோசிக்கும் என்பது அவள் கட்சி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடமும் இதைத்தான் பேசினாள். அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனவர் போனவர்தான்.

பரிசோதனைக்குப் பட்டாசுக் கம்பெனியை எடுத்துக்கொண்டாள். அங்கே வேலை நடக்கும் தனித்தனி அறைகளுக்கு ரூம் என்று பெயர். எந்த ரூமில் யார், எந்த மருந்து, எதன் பக்கத்தில் எது கூடாது என்ற விதிகளைச் சேகரிக்கத் தாயில்பட்டிக்கு அழைத்துப் போனது பக்கத்து வீட்டு முருகம்மாள். அங்கே வேலை பார்ப்பவள். இயந்திரம் எல்லாவற்றையும் அலசி, ஆபத்தில்லாத ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும்.

எட்டு ரூம் வரை சமர்த்தாகச் சொன்னது. ஒன்பதாவதைச் சேர்த்ததும் அசையவே மாட்டேன் என்றது. ஒரு ரூம் கூடினால் கொஞ்சம் வேலை கூடும் என்றுதானே நினைப்போம்? பார்க்க வேண்டிய சாத்தியங்களோ மடங்கு மடங்காக ஏறும். கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் வெடிப்பு. ஒன்பது ரூமுக்கே இந்தப் பாடு என்றால் உலகத்துக்கு? இத்தனை வருஷ உழைப்பும் வீண், ஆராய்ச்சியை விட்டுவிடலாம் என்று அழுதுகொண்டே முருகம்மாளுக்குப் போன் போட்டாள்.

“எல்லாம் போச்சுக்கா. ஒன்பதாவது ரூம் வெடிச்சிருச்சு.”

“ஐயோ! நீ எங்கன இருக்க?”

பதில் சொல்வதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்தது.

இந்தப் பக்கத்தில் ரூம் வெடித்தது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முருகம்மாளுக்கு அன்று லீவு. அவள் புருஷன் செல்லச்சாமியின் லோடு ஆட்டோவில் பாதித் தெரு ஏறியது. தாயில்பட்டியில் கேட் கேட்டாக விசாரித்து, ஆஸ்பத்திரியிலும் தேடிவிட்டு, கடைசியாகக் கல்லூரி வாசலில் வந்து நின்றார்கள். ஞானஜோதி டீ கிளாஸும் கையுமாக வெளியே வந்தாள்.

முருகம்மாள் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

“வெடிச்சது கணக்குக்கா.”

“கணக்கு எங்கனயாச்சும் வெடிக்குமாடி?”

செல்லச்சாமி வண்டியைக் காட்டினார். “அம்புட்டுப் பேரும் உங்களுக்கு ரத்தம் குடுக்க வந்தவுக டீச்சர். இப்ப யாருக்குக் குடுக்க?”

ஞானஜோதி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்தது.

அதே லோடு ஆட்டோவில் அவர்களோடு இடித்துப் பிடித்து உட்கார்ந்து வீடு திரும்பும்போது யோசித்தாள். அவள் இயந்திரம் அந்தப் போனை எடுத்திருந்தால் எந்தக் கம்பெனி, எந்த ரூம், நிஜமா பொய்யா என்று எல்லாச் சாத்தியத்தையும் அலசிக்கொண்டு இன்னமும் அங்கேயே இருக்கும். இவர்கள் எதையும் அலசவில்லை. சுத்தமாகத் தப்பாகப் புரிந்துகொண்டு வந்துவிட்டார்கள். அந்தத் தப்புக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

ஆராய்ச்சியை விடவில்லை. ஒவ்வொரு சாத்தியத்தையும் அலசி முடித்த பிறகே அசையும் இயந்திரம் நடைமுறைக்கு எட்டாது என்பதையே முடிவாக எழுதினாள். தன் கட்சியைத் தானே தோற்கடித்து டாக்டரானாள்.

ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றி. வழக்கப்படி முதலில் ஆண்டவர், அடுத்து பேராசிரியர். அதற்குக் கீழே முருகம்மாள், பி பாசிட்டிவ். செல்லச்சாமி, ஓ பாசிட்டிவ். கற்பகவல்லி, ஏ நெகட்டிவ் என்று வண்டியில் வந்த அத்தனை பேரும்.

“இது என்னம்மா?” என்றார் பேராசிரியர்.

“எனக்காக வந்த ரத்தம் சார்.”