நாற்பத்தொன்றாம் வீட்டு முறைத்தண்ணீர்

புருல்கானுக்கு யாரையும் மரியாதையாகப் பேசத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் ஒருவரும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன். என் வீட்டு வாசலில் அவள் போடும் சத்தம் இப்படி இருக்கும்:

"வாத்தியாரே! நைல் நதி எங்க பொறக்குதுன்னு கேட்டா டக்குனு சொல்லுவீங்க. உங்க வீட்டு மடை எங்க அடைச்சுக் கெடக்குன்னு கேட்டா முழிப்பீங்க. வெளிய வாங்க, உங்க முறை வந்து கால் மணி ஆச்சு!"

அவள் எங்கள் தெருவின் முராப். தண்ணீரை முறை வைத்துத் திறந்து அடைப்பவருக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பேர். பெண்கள் அந்த வேலைக்கு வந்ததில்லை. கம்பளி ஆலையை மூடிய பிறகு அவள் ஐந்து வருடம் பேருந்து நிலையத்தில் சூரியகாந்தி விதை விற்றாள். புருஷன் முகாஷ் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். பழைய முராப் செத்தபோது அந்தச் சம்பளத்துக்கு எந்த ஆம்பிளையும் வரவில்லை. இவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நகராட்சிக்குப் போய் நின்றாள். "வேலை குடுங்க, இல்லேன்னா இங்கயே உக்காந்து விதை விப்பேன்" என்றாளாம். கொடுத்துவிட்டார்கள்.

தெருவில் நாற்பது வீடு. வாய்க்கால் ஓரமாக எண்பத்தாறு கராகாச் மரங்கள். என் அப்பா காலத்திலேயே அவை கட்டிப்பிடிக்க முடியாத பருமன். ஜூலையில் ஊரே வெந்து கிடக்கும்போது எங்கள் தெருவில் மட்டும் ஜனங்கள் வெளியே கட்டில் போட்டுத் தூங்குவார்கள். மலையில் உருகும் பனி ஆற்றுக்கு வந்து, ஆற்றிலிருந்து எங்கள் கான்கிரீட் வாய்க்காலுக்கு வரும். ஒவ்வொரு மரத்தடிக்கும் வாய்க்காலில் ஒரு சின்ன வாய் விட்டிருந்தது. வீட்டு முறை ஓடும்போது ஆளாளுக்கு அந்த வாய்களைக் கந்தலும் சேறும் வைத்து அடைத்துவிடுவோம். நம் தக்காளிக்கு வரும் தண்ணீரை மரம் குடித்துவிடக் கூடாதே.

மரத்துக்கென்று நகராட்சியில் தனியாக ஒரு தண்ணீர் லாரியும் ஆறு பெண்களும் இருந்தார்கள். பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று லாரியை விற்றார்கள், பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மரங்களை யார் பார்ப்பது என்று புருல்கான் போய்க் கேட்டதற்கு, "மழை பார்த்துக்கும்" என்றாராம் ஒரு புண்ணியவான். எங்கள் ஊரில் கோடையில் மழை பெய்ததாக எந்தப் பூகோளப் புத்தகத்திலும் இல்லை.

அவள் வேறு வழி செய்தாள். முறைப் பட்டியலில், நாற்பதாம் வீட்டுக்குக் கீழே, தன் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "வீடு 41. கராகாசோவ். ஞாயிறு, காலை முதல் மாலை வரை."

நாற்பதோடு தெரு முடிந்து ரயில் பாதை வந்துவிடுகிறது. நாற்பத்தொன்று என்று ஒரு வீடே கிடையாது, கராகாச் மரத்தைத்தான் ஆள் பேராக்கியிருந்தாள். நகராட்சியில் யாரும் படித்துப் பார்க்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஞாயிறு தோறும் எண்பத்தாறு வாயையும் திறந்துவிட்டு அவள் மேலும் கீழும் நடப்பாள். தெருவுக்கே விஷயம் தெரியும். "கராகாசோவ் இன்னிக்கு ரொம்ப நேரம் குளிக்கிறாரே, பொண்ணு பாக்கப் போறாரா?" என்று கேலி பேசிக்கொள்வோம்.

"மரத்து மேல உனக்கு அப்படி என்ன பாசம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாசமும் இல்ல, பாயசமும் இல்ல. மதகுச் சாவியக் கையில குடுக்கும்போது எண்பத்தாறுன்னு சொல்லிக் குடுத்தாங்க. நான் திருப்பிக் குடுக்கும்போதும் எண்பத்தாறு இருக்கணும். அவ்வளவுதான் வாத்தியாரே."

அப்படியே பதினோரு வருடம் ஓடியது.

பன்னிரண்டாம் வருடம் மலையில் பனி விழவில்லை. ஜூன் மாதமே வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்தான். வீட்டுக்கு மூன்று மணி நேரம் இருந்த முறை ஒன்றரை ஆனது. தெருத் தலைவர் அசனாலி கூட்டம் போட்டார். பின்கட்டில் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு வெள்ளரிக்காய் வளர்ப்பவர். அவருடைய வெள்ளரி வாடினால் நாடே வாடிய மாதிரி பேசுவார்.

"ஞாயித்துக்கிழமைத் தண்ணிய வீடுகளுக்குப் பிரிச்சுக் குடுத்துடலாம். இல்லாத ஆளுக்கு எதுக்குய்யா ஒரு நாள் முழுக்கத் தண்ணி?" என்றார்.

புருல்கான் எழுந்தாள். "அந்தத் தண்ணி அவங்களோடது. வீடுகளுக்கு வந்த தண்ணி இல்ல இது. பழைய முராப் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செத்தாரு. மரத்துக்குன்னு வந்த தண்ணியில நாமதான் ஒட்டிக் குடிக்கிறோம்."

ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அது அவள் பேச்சு வழக்கம் என்றுதான் நினைத்தேன். காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். படித்தவன் நான், கேட்கவில்லை.

"அப்ப கராகாசோவைக் கூட்டத்துக்கு வரச் சொல்லு புருல் அக்கா! வந்து கையத் தூக்கட்டும்" என்றார் அசனாலி.

"வந்துதான் இருக்காரு. நீங்க எல்லாரும் அவரு நிழல்லதான் உக்காந்திருக்கீங்க."

அதற்கும் சிரித்தோம். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். என் மனைவி கனிஷாய் முழங்கையால் இடித்தாள். தக்காளிச் செடி பூ விட்டிருந்த நேரம். தூக்கினேன். முப்பத்தொன்பது கை. தூக்காமல் நின்றவள் அவள் ஒருத்தி.

அடுத்த ஞாயிறு முதல் அவள் தெருக்கோடி அடிகுழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு வாளியில் தூக்க ஆரம்பித்தாள். மரத்துக்குப் பன்னிரண்டு வாளி என்று அவளுக்கு ஒரு கணக்கு. கோடியிலிருந்து தொடங்கினால் பதினேழாவது மரத்தோடு பொழுது சாய்ந்துவிடும். அறுபதை நெருங்கியவள். முழங்கால் இரண்டும் வீங்கி, பூட்ஸுக்குள் கால் நுழையாமல் செருப்போடு நடந்தாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூட இறங்கிப் போய் ஒரு வாளியைப் பிடிக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இரண்டு கோடை அப்படிப் போயின. மேல்பக்கத்து மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வந்தன. இரண்டாம் வருடம் அறுபத்தொன்பது மரம் இலையே விடவில்லை. கோடியில் பதினேழு மட்டும் பச்சையாக நின்றன.

நகராட்சியிடம் தண்ணீர் ஊற்றப் பணம் இல்லை, கிளை கழிக்கப் பணம் இல்லை. வெட்ட மட்டும் இருந்தது. 'ஆபத்தான மரங்களை அகற்றுதல்' என்ற தலைப்பில் வந்ததாம். டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுமாம். எண்பத்தாறும் காய்ந்தவை என்று முராப் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அறுபத்தொன்பதுக்குப் போடுகிறேன், பதினேழுக்கு மாட்டேன் என்றாள். சரி, தெருவாசிகள் கையெழுத்தே போதும் என்றார்கள். வெட்டிய விறகை வீடுகளுக்குப் பங்கு பிரித்துத் தருவதாகவும் சொன்னார்கள். அந்த வருடம் நிலக்கரி விலை எகிறிக் கிடந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எங்களுக்கு. அசனாலி காகிதத்தோடு வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டில் நான்தான் போட்டேன். அழகான கையெழுத்து, வாத்தியார் கையெழுத்து.

நவம்பரில் ரம்பம் வந்தது. கோடி மரத்தின் முன்னால் புருல்கான் நின்றாள். பேனாக்கத்தியால் பட்டையைச் சுரண்டி, வெட்டுகிறவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாரு தம்பி. உள்ள பச்சை. உசுரு இருக்கு."

"தெரியுதுக்கா. ஆனா எனக்கு எண்பத்தாறுன்னுதான் எழுதிக் குடுத்திருக்காங்க. கிரேன் இன்னொரு தடவை வராது. ஒதுங்கிக்க, மேல விழுந்துடப் போவுது."

அவள் ஒதுங்கினாள். ஒவ்வொன்றும் விழும்போது வாய்விட்டு எண்ணினாள். எண்பத்தாறு வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடிக்கட்டைகளையும் தோண்டி எடுத்து, அவள் பங்கு விறகை வாசலில் அடுக்கிவிட்டுப் போனார்கள். குளிர்காலம் முழுவதும் அதன் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது, ஒரு கட்டைகூடக் குறையவில்லை. எங்கள் வீட்டு அடுப்பு நன்றாக எரிந்தது. கராகாச் விறகு நின்று எரியும்.

ஜனவரியில் முராப் வேலையையும் எடுத்துவிட்டார்கள். அவள் மறுபடி பேருந்து நிலையத்துக்கு விதை விற்கப் போனாள்.

ஏப்ரலில் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் விடும் நாள். அன்று தலைமதகில் எல்லோரும் கூடுவோம். பெண்கள் மாவை எண்ணெயில் போட்டெடுத்த போர்சோக் கொண்டு வருவார்கள், பெரியவர் ஒருவர் துவா ஓதுவார், கையால் முகத்தைத் தடவிக்கொள்வோம், முராப் மதகைத் திறப்பாள். புருல்கானும் ஒரு தட்டோடு வந்து ஓரமாக நின்றாள். போர்சோக்கை யாரும் கையில் எடுக்கும் முன்பே ஆற்று நீர் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் வந்தான், கடிதத்தோடு. வாத்தியார் என்று என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள்.

இந்தத் தெரு வாய்க்காலுக்கு ஆற்றுத் தண்ணீர் ஒதுக்கப்பட்டது சாலையோர மரங்களுக்காக. வீடுகளுக்கு இதில் உரிமை எதுவும் பதிவாகவில்லை. நகராட்சியின் மரப் பட்டியலில் இந்தத் தெருவில் இப்போது மரம் இல்லை. ஆகவே ஒதுக்கீடு ரத்து, மதகு மூடப்படும். அவ்வளவுதான் கடிதம். இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்கள், படித்தேன்.

"இது என்ன அநியாயம்? எங்க அப்பன் காலத்துலேர்ந்து நாங்க பாய்ச்சுற தண்ணி!" என்று அசனாலி கத்தினார்.

அந்தப் பையன் நல்லவன். சங்கடப்பட்டான். "அண்ணே, நான் மூடணும்னு வரல. எத்தனை மரம் இருக்கணும்னு விதியில எழுதல. உசுரோட ஒண்ணே ஒண்ணு நின்னாக்கூட 'மரம் இருக்கு'ன்னு எழுதிட்டுப் போயிடுவேன். தண்ணி தொடர்ந்து வரும். ஒண்ணு காட்டுங்க."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அசனாலி அவளிடம் போனார். இத்தனை வருடத்தில் அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"புருல் அக்கா. கோடியில ஏதாவது வேர் துளிர்த்திருக்கும். இல்லேன்னாலும் பரவால்ல, இருக்குன்னு சொல்லு. நீ சொன்னா தம்பி எழுதிக்கும். இல்லாத வீட்டையே எழுதினவதானே நீ."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மதகின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"வேரோட தோண்டி எடுத்துட்டாங்க தம்பி. காலையிலதான் நடந்து பாத்துட்டு வந்தேன். ஒண்ணும் இல்ல" என்றாள். குரல் உடைந்தது. "பதினேழு இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையிலிருந்த கடிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பலகை முழுக்க இறங்காததால் மதகில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, அதை இறுக்கப் பையன் மதகுச் சக்கரத்தைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தான். எங்களில் ஒருவருக்கும் அந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பழக்கமில்லை. நாங்கள் தண்ணீர் வந்த பிறகு வெளியே வருகிறவர்கள். கடைசியில் புருல்கான் எழுந்து போய் அவனை நகரச் சொன்னாள். சக்கரத்தைச் சற்று மேலே தூக்கிப் பிடித்து, நெஞ்சால் அழுத்தி, மதகை இறுக மூடிக் கொடுத்தாள்.