இடைவேளைக்கு நாலு நிமிடம் முன்னால்

பூந்தமல்லி கரையான்சாவடிப் பக்கம் இருக்கிற ஒரு பழைய தியேட்டரின் கேன்டீனில் ஜரினா பதினொரு வருடமாக வெங்காயச் சமோசா போடுகிறாள். இத்தனை வருடத்தில் ஒரு படத்தைக்கூட அவள் உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆனால் எல்லாப் படத்தையும் கேட்டிருக்கிறாள். கேன்டீனுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதையும் கொத்தனார் யாரோ கடனே என்று கட்டியிருந்தார்.

கேட்டுக் கேட்டே, ஒரு பெரிய ஹீரோ படம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு அத்துப்படி. முதலில் மூன்று நிமிடம் விசில், அதாவது ஹீரோ வந்துவிட்டார். பாட்டு வந்தால் பையன்கள் வெளியே வருவார்கள், டீ போகும். பிறகு வில்லன் ஏதாவது திமிராகப் பேசுவான், தம்தம்தம் என்று மேளம் ஏறும். மேளம் ஏற ஆரம்பித்ததும் ஜரினா சமோசாவை எண்ணெயில் போடுவாள். சமோசா சிவக்க நாலு நிமிடம். அங்கே டமார் என்று இடைவேளை விழும்போது இங்கே ஜல்லிக்கரண்டி மேலே வரும். கூட்டம் கதவைத் தள்ளிக்கொண்டு வருகையில் சுடச்சுடத் தட்டில் இருக்கும். இதுவரை எந்த டைரக்டரும் அவளை ஏமாற்றியதில்லை.

அந்த வாரம் மானேஜர் ரவிச்சந்திரன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். "ஜரினாம்மா, பாப்கார்ன் மெஷின்காரன் கேன்டீனைக் கேக்குறான். எப்பவும் சூடா இருக்குமாம். இந்தப் படத்துக்கு மூணு நாள் பாக்குறேன். சமோசா ஆறிப்போச்சுன்னு ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, திங்கக்கிழமை அவன்தான்."

ஜரினாவின் கணவர் சாதுல்லா தவறி மூன்று வருடம். வீட்டில் அடுப்பு எரிவதே இந்த அடுப்பை நம்பித்தான். இருந்தாலும், வந்திருப்பது சூறாவளி ராஜவேல் படம். போஸ்டரில் ஆள் கையில் கோடாலி, பின்னால் தீ. இந்தப் படத்தில் மேளத்துக்கா பஞ்சம் என்று தைரியமாக இருந்தாள்.

ஆனால் டைரக்டர் வேறு ஜாதி ஆசாமி என்பது அவளுக்குத் தெரியாது. அவர் முன்பு எடுத்த இரண்டு படமும் வெளிநாட்டில் விருது வாங்கினவை, உள்ளூரில் இரண்டு நாள் ஓடினவை. இப்போது ராஜவேல் கிடைத்ததும், கோடாலிக்கு நடுவே தன் கைவரிசையையும் செருகியிருந்தார்.

முதல் நாள், காலை ஒன்பது மணிக் காட்சி. விசில் வந்தது, சண்டை வந்தது. பாட்டு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காக்கா கத்தியது. பிறகு மழை பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. ஜரினா சுவரில் காதை வைத்தாள். திடீரென்று மேளம்! இடைவேளை இவ்வளவு சீக்கிரமா என்று யோசிக்காமல் நூறு சமோசாவைப் போட்டுவிட்டாள். அது படத்தில் யாரோ செத்துப்போனதற்கு அடித்த மேளம். பிணம் போய்ச் சேர்ந்தது, கதவு திறக்கவில்லை. சமோசா பத்து நிமிடத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சவுண்டு போய்விட்டது, கூட்டம் இப்போது கத்திக்கொண்டு வெளியே வரும் என்று நினைத்து, அடுப்பை அணைத்துவிட்டு ஆபரேட்டர் ஜஸ்டினைத் தேடி மாடிக்கு ஓடினாள்.

"ஜஸ்டின், சவுண்டு போயிடுச்சா இன்னா?"

"அதெல்லாம் நல்லாத்தான்க்கா கீது. படத்தையே அப்டி எடுத்து வச்சிக்கீறாங்க. என்னைத்தான் எல்லாரும் திட்டிக்கினு கீறானுங்க. நீயே உள்ள போய்ப் பாரு."

கீழே வந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். திரை முழுக்க ஒரு சமையலறை. சூறாவளி ராஜவேல் லுங்கி கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்குகிறார். கேமரா அசையவே இல்லை. இசையும் கிடையாது. பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்தவர், மகளுக்கு போண்டா சுடப் போகிறார். நிதானமாக மாவு கரைத்தார். வாணலியில் எண்ணெய் ஊற்றினார். ஊற்றின கையோடு போண்டாவைப் போட்டார்.

ஜரினாவால் பொறுக்க முடியவில்லை.

"அடப் பாவி, எண்ணெய் காயலடா! இப்ப போட்டா எண்ணெயக் குடிக்கும்டா!"

அறுநூறு தலை திரும்பியது. ஒரு நொடி கழித்து, ராஜவேலின் என்ட்ரிக்குக்கூட எழாத விசில் எழுந்தது. அது அடங்குவதற்குள், திரையில் போண்டா எண்ணெயைக் குடித்து ஊறிப்போய் வெளியே வந்தது. "அக்கா சொன்னது கரெக்ட்டு!" என்று ஒருவன் கத்தினான். மகள் ஒரு வாய் கடித்தாள். "நல்லா இருக்குப்பா" என்றாள். ராஜவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹாலில் சிரிப்பு நின்றுபோனது. ஜரினா டைபாய்டில் படுத்திருந்த மாதம் சாதுல்லாவும் இப்படித்தான் எதையோ சுட்டுக்கொண்டு வந்து கட்டிலருகில் நின்றார், அவளும் இதே பொய்யைத்தான் சொன்னாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அடுப்பு, மெஷின்காரன், திங்கட்கிழமை எதுவும் நினைவில் இல்லை.

மேளதாளம் எதுவும் இல்லாமல் "இடைவேளை" என்று வந்தது. விளக்கு எரிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கி வெளியே வந்தாள். அணைந்த அடுப்புக்கு முன்னால் ரவிச்சந்திரன் ஆறிப்போன சமோசா ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இன்னா ஜரினாம்மா இது?"

ஜரினா நூறு சமோசாவையும் ஒரு ஓரமாகத் தள்ளினாள், அடுப்பைப் பற்ற வைத்தாள். கேன்டீனைச் சுற்றிக் கூட்டம் அம்மியது.

"அக்கா, எண்ணெய் காஞ்சிச்சா?"

"காயல. சும்மா நில்லு."

நின்றார்கள். டைரக்டர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின அமைதியை ஜரினா ஒரு அதட்டலில் வாங்கினாள். இரண்டாவது பெல் அடித்தது, யாரும் உள்ளே போகவில்லை. ரவிச்சந்திரன் கைதட்டி விரட்டிப் பார்த்தார்.

"அண்ணாத்தே, அக்கா சுட்டு முடிக்கட்டும். படம் எங்க ஓடிடப் போவுது?" என்றான் ஒருவன். "வேணும்னா ஜஸ்டினாண்ட சொல்லி நிறுத்தி வையி."

ரவிச்சந்திரன் மாடிக்கு ஆள் அனுப்பி நிறுத்தி வைத்தார். மடித்து வைத்திருந்த சமோசா மொத்தமும் இருபது நிமிடத்தில் தீர்ந்துபோனது. உப்பு குறைச்சல் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

கூட்டம் உள்ளே போனதும் ஜரினா அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், வாணலியை மூடினாள். நேராக உள்ளே போய்க் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், செல்போன் வெளிச்சத்தோடு ஒரு உருவம் வந்து அவள் முன்னால் நின்றது.

"ஜரினாம்மா, மெஷின்காரனுக்குப் போன் போட்டு வேணாம்னுட்டேன். கேன்டீன் உனக்குத்தான். நாளைலேர்ந்து இன்னும் ஒரு எரநூறு சமோசா சேத்து..."

"சார்," என்றாள் ஜரினா, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."