மேற்கே போட்ட சைடு போர்

எங்கள் கிணற்றுக்குள் மிஷினை இறக்கிய பிறகு, அதை ஓட்ட வந்தவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "எந்தப் பக்கம் போட?"

சைடு போர் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வற்றிப்போன கிணற்றின் அடியில் மிஷினை வைத்து, நேர்கீழே போடாமல், பாறைக்குள் பக்கவாட்டில் துளை போடுவது. நூறு அடி, நூற்றைம்பது அடி வரைக்கும் கம்பி உள்ளே போகும். மேலே கல் நட்டு எல்லை பிரித்த நிலம்தான், ஆனால் அடியில் யார் எல்லையையும் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம்.

எங்கள் வன்னியம்பட்டிப் பக்கம் ஊற்று மலையிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து வருகிறது. என் கிணற்றுக்கு மேற்கே அண்ணனுடைய தோப்பு. அப்பா பாகம் பிரித்தபோது ஆளுக்கொரு கிணறு, ஆளுக்கு நூறு தென்னை என்று கொடுத்திருந்தார்.

"மேக்க போடுங்க" என்றேன்.

அன்று அண்ணன் ஊரில் இல்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்க மதினியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தான். தற்செயலாக அமைந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அவன் கிளம்பும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மிஷினுக்கே சொல்லிவிட்டேன்.

அதற்கு முந்தின இரண்டு வருஷமும் மழை மழையாக இல்லை. ஐப்பசி முழுக்க வெயில் காயும். கார்த்திகையில் இரண்டே நாளில் மொத்தமும் கொட்டி, கண்மாய்க் கரையை உடைத்துக்கொண்டு ஓடிவிடும். ஊருக்குள் வெள்ளம் புகுந்த அதே வருஷம் மாசியில் கிணற்றில் வெறும் சேறு. நின்று பெய்தால்தானே மண் குடிக்கும்.

துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தபோது நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். மறுநாள் காலைக்குள் துளை தண்ணீருக்குள் முங்கிவிட்டது. இனி யார் கண்ணுக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தது.

இரண்டு மாதத்தில் அண்ணன் கிணறு வற்றியது. அவன் வந்து என் கிணற்றை எட்டிப் பார்த்தான்.

"ஒனக்கு மட்டும் எப்படிலே இம்புட்டுத் தண்ணி கெடக்கு?"

"எங் கெணறு ஆழம் கூடல்லாண்ணே."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு மனசு உறுத்தியது. வாரம் இரண்டு தடவை என் மோட்டாரிலிருந்து அவன் தோப்புக்கு ஹோஸ் போட்டுத் தண்ணீர் விட்டேன். மதினி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "கூடப் பொறந்தவன்னா எங் கொழுந்தன மாதிரில்லா இருக்கணும்." அவர்கள் தண்ணீரை அவர்களுக்கே கொடுத்து நான் நல்லவனாகியிருந்தேன். வெட்கங்கெட்ட எனக்கு அந்தப் பேரும் பிடித்திருந்தது.

கோடை முற்றியதும் என் கிணறும் இறங்கத் தொடங்கியது. ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டேன். ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. மட்டை தொங்கி நின்ற அவன் மரங்களைச் செங்கல் சூளைக்காரர்கள் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு அவனும் மதினியும் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கிரைண்டரையும் இரண்டு மூட்டைகளையும் நான்தான் தூக்கி ஏற்றினேன். ஐம்பத்திரண்டு வயதில் என் அண்ணன் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனான்.

மூன்று வருஷம் எனக்குச் சரியான தூக்கமில்லை. அவன் போன் பேசும்போதெல்லாம் உண்மை நாக்கு நுனிவரை வரும். அவனோ, "மழ உண்டாலே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். போன வருஷம் என் துளையும் சொட்டுச் சொட்டாகி நின்றது. எனக்குக் கிழக்கே தோட்டம் வைத்திருப்பவர் தன் கிணற்றில் மிஷின் இறக்கியிருந்தார். எந்தப் பக்கம் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது. என் மரங்களும் அதே சூளைக்குத்தான் போயின.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு அண்ணன் குலசாமி கும்பிட வந்தான். நூறு நூறு மரம் வைத்திருந்த இரண்டு பேரும் கோயில் வாசல் கடையில் தேங்காய் வாங்கினோம். சாமி முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். மறைத்து வைப்பதும் பொய்தானே. கும்பிட்டு முடித்து வேப்பமர நிழலில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நீ மதுரைக்குப் போயிருந்தப்ப எங் கெணத்துல மேக்க சைடு போரு போட்டேன். ஒங் கெணத்துத் தண்ணியத்தான் நான் எடுத்தேன்."

அவன் தேங்காய்ச் சில்லை மெதுவாகக் கடித்தான்.

"தெரியும்லே. மதுரைலருந்து வந்த மறுநாளே மிஷின்காரன் சொல்லிட்டான்."

"பொறவு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்க? நானும் அவன்கிட்டதான் சொல்லி வச்சிருந்தேன். காலேஜ் வேல முடிஞ்சதும் போடலாம்னு. நானும் மேக்கதான். நான் போட்டிருந்தா ஒன் கெணத்துக்கு ஊத்தே வந்திருக்காது. அது தெரிஞ்சுதான் போட இருந்தேன். நாலு நாள் நீ முந்திட்ட, அம்புட்டுத்தான். ஊத்து ஒம் பக்கம் திரும்பிட்டு, இனிமே போட்டாலும் பிரயோசனமில்லன்னு அவனே சொல்லிட்டான்."

பிறகு, அவன் கம்பெனியில் வாச்மேனுக்கு ஆள் கேட்கிறார்கள் என்றும், மேஸ்திரியிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பதாகவும் சொன்னான். என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்தேன். என்னை மன்னிக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு என்று நம்பியிருந்தேன், அந்த ஆளும் என்னை மாதிரியேதான் இருந்தான். சித்திரையில் நானும் திருப்பூர் பஸ் ஏறினேன்.